மூதூர்ப் பிள்ளையும் நம் பைத்துல்மாலும்

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தில் தரப்படுகிறது.)

 

வரவு செலவுக் கணக்கை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் வந்தேன். கல்வி உதவி, மருத்துவ உதவி, ஜனாஸாச் செலவு எல்லாவற்றையும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஒப்புக்கொண்டீர்கள். ஏழாவது பொருளுக்கு வந்ததும் சபையில் சத்தம் எழுந்தது. நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பையன் கொலை வழக்கில் சிறையில் இருக்கிறான். அவனுடைய உம்மா வக்கீல் கட்டணத்துக்கு உதவி கேட்டு மனுக் கொடுத்திருக்கிறார். "கொலைகாரனுக்கு ஸதகாப் பணமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். "தூக்கில் போட வேண்டியவனுக்கு வக்கீல் எதற்கு?" என்றார் இன்னொருவர். "சவூதியாக இருந்தால் இத்தனை நாள் ஆகியிருக்குமா?" என்று மூன்றாமவர் சொன்னதற்குச் சிலர் தலையாட்டியதையும் பார்த்தேன்.

கேட்டவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. தனியாக இருந்த ஒரு மூதாட்டி நகைக்காகக் கொல்லப்பட்டிருக்கிறார். அந்தப் படத்தைக் கைப்பேசியில் பார்த்தவர் யாருக்கும் இரத்தம் கொதிக்கத்தான் செய்யும். வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் அதைப்பற்றி இதற்கு மேல் நான் பேசப்போவதில்லை. சவூதியைப் பற்றிச் சொன்னாரே, அதற்கு மட்டும் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். கொஞ்சம் நேரமாகும். இஷாவுக்கு முன் முடித்துவிடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

இலங்கையில் திருகோணமலை மாவட்டத்தில் மூதூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம்மைப் போலவே தமிழ் பேசுகிற முஸ்லிம்கள் வாழும் ஊர். அங்கே விறகு வெட்டிப் பிழைத்த ஓர் ஏழையின் மகள் ரிஸானா நஃபீக். பிறந்தது 1988 பிப்ரவரியில். ஆனால் அவளுடைய பாஸ்போர்ட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. பதினேழு வயதுப் பிள்ளையை வீட்டு வேலைக்கு அனுப்ப முடியாது என்பதால் ஆறு வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பினார்கள். 2005 மே மாதத் தொடக்கத்தில் சவூதி போய்ச் சேர்ந்தாள். ரியாதுக்கு மேற்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற தவாத்மி என்ற ஊரில் ஒரு வீடு. வீட்டு வேலைக்கென்று போனவளிடம் நான்கு மாதக் கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் வேலையும் கொடுக்கப்பட்டது. மே 22ஆம் தேதி அந்தக் குழந்தை மவ்த்தாகிவிட்டது. அவள் போய்ச் சேர்ந்து மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை.

பால் கொடுக்கும்போது புரையேறி மூச்சுத் திணறிவிட்டது என்பது அவள் தரப்பு. கழுத்தை நெரித்துக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. விசாரணையின்போது அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்குமூலம் எழுதப்பட்டது. அந்த நேரத்தில் அவளுக்கு வக்கீல் கிடையாது. அவள் சொன்னதை மொழிபெயர்த்தவர் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர். தமிழிலிருந்து அரபிக்குச் சரியாகக் கொண்டுபோகக் கூடியவர்தானா என்று மனித உரிமை அமைப்புகள் பின்னால் சந்தேகம் எழுப்பின. அடித்து மிரட்டி வாங்கிய வாக்குமூலம் அது என்று சொல்லி அவள் அதைத் திரும்பப் பெற்றாள். இருந்தும் 2007 ஜூன் 16ஆம் தேதி தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்திக்கொள்கிறேன். நான் மதரஸாவில் அரபி படித்தவன், கல்லூரியில் தமிழ் படித்தவன். இந்த மொழிபெயர்ப்பு விஷயம் என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது. அரபியில் 'கனக' என்றால் கழுத்தை நெரித்தான். 'இக்தனக' என்றால் மூச்சுத் திணறிப்போனான். இரண்டும் ஒரே வேரிலிருந்து வருகிற சொற்கள். தமிழிலும் 'மூச்சு அடைத்தது', 'மூச்சை அடைத்தேன்' என்ற இரண்டுக்கும் எவ்வளவு தூரம்? வினைமுற்றில் ஓரெழுத்து இரண்டெழுத்து. பயந்துபோய் அழுதுகொண்டே பேசுகிற ஒரு கிராமத்துப் பிள்ளையின் வாயிலிருந்து வரும் மூதூர்த் தமிழை, அந்தத் தமிழே பழக்கமில்லாத ஒருவர் கேட்டு அரபியில் சொல்கிறார். இன்னொருவர் எழுதுகிறார். கடைசியில் அவளுக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் ஒரு தாள் உருவாகிறது. அந்தத் தாளில் எந்தச் சொல் இருந்தது என்பதை நான் பார்த்ததில்லை. இப்படித்தான் நடந்தது என்றும் சொல்லமாட்டேன். இப்படி நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் ஓர் உயிர் விஷயத்தில் போதாதா என்பதுதான் என் கேள்வி.

மேல்முறையீடு செய்ய ஒரு மாத அவகாசம். வக்கீல் கட்டணத்தை இலங்கை அரசு கொடுக்க முன்வரவில்லை. ஹாங்காங்கிலிருந்து இயங்கும் ஆசிய மனித உரிமை ஆணையம் பொதுமக்களிடம் பணம் திரட்டிக் கட்டியது. அப்படித்தான் மேல்முறையீடே பதிவானது. நம் சமுதாய அமைப்புகள் அப்போது எங்கே இருந்தன என்று நான் யாரையும் கேட்கப்போவதில்லை. நானும் எங்கோதான் இருந்தேன்.

அவள் சிறையில் இருந்தபோது, 2006 ஆகஸ்டில், மூதூரில் சண்டை மூண்டது. அவ்வூர் முஸ்லிம்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். ஊர் மக்கள் அகதிகளாகப் பள்ளிக்கூடங்களில் படுத்திருந்த காலத்தில், அவ்வூர்ப் பிள்ளை கடலுக்கு அப்பால் கொலை வழக்கில் நின்றாள்.

2010 அக்டோபரில் சவூதி உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. இலங்கை அதிபர் வேண்டுகோள் விடுத்தார். தூதுக்குழுக்கள் போயின. குழந்தையின் குடும்பத்தார் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் தேதி, புதன்கிழமை, வாளால் தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவளுக்கு வயது 24. பதினேழிலிருந்து இருபத்துநான்கு வரை அவள் பார்த்த உலகம் சிறைதான். செய்தி வந்த அன்று கொழும்பில் நாடாளுமன்றம் எழுந்து நின்று மௌனம் காத்தது.

அன்று நம் ஊரில் என்ன பேசினோம் என்று எனக்கு நினைவிருக்கிறது. மஃக்ரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். "மார்க்கச் சட்டம், நாம் பேசக்கூடாது" என்று ஒரு பெரியவர் சொன்னார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம். மார்க்கம் படித்தவன் என்று ஊர் நினைக்கிற நானும் மூடிக்கொண்டேன். அன்று பேசாததைத்தான் இன்று பேசுகிறேன்.

மார்க்கம் என்ன சொல்கிறது? சூரத்துல் பகராவின் 178ஆவது வசனம் கொலைக்குக் கிஸாஸ், அதாவது பழிக்குப் பழி, விதிக்கிறது. அதே வசனம் அதே மூச்சில், கொலையுண்டவரின் வாரிசு மன்னித்துவிட்டால் நல்ல முறையில் ஈட்டுத்தொகை பெற்றுக்கொள்ளும் வழியையும் திறந்துவிடுகிறது. கொலையாளியைக்கூட வாரிசின் சகோதரன் என்றே குறிப்பிடுகிறது. மன்னிப்பது இறைவனிடமிருந்து வந்த சலுகை என்றும் அருள் என்றும் சொல்கிறது. கிஸாஸ் வழக்கு எது வந்தாலும் நபி (ஸல்) அவர்கள் மன்னிக்கும்படியே தூண்டுவார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள். மன்னிப்பதா வேண்டாமா என்ற கேள்வி எப்போது வருகிறது? வேண்டுமென்றே செய்த கொலை என்று ஐயமில்லாமல் நிரூபணமான பிறகுதான். தவறுதலாக நேர்ந்த மரணத்துக்குச் சூரத்துந் நிஸாவின் 92ஆவது வசனம் வேறு சட்டம் வைத்திருக்கிறது. அங்கே கிஸாஸே கிடையாது. தியத் என்ற ஈட்டுத்தொகையும் கஃப்பாரா என்ற பரிகாரமும்தான். அடிமையை விடுதலை செய்ய வசதியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். குழந்தைக்குப் புரையேறிய மரணமாக இருந்தால் ரிஸானா நோன்பு நோற்றிருக்க வேண்டியவள். ஆகவே அந்தத் தாய் ஏன் மன்னிக்கவில்லை என்று கேட்பது தவறான கேள்வி. நான்கு மாதப் பிள்ளையைப் பறிகொடுத்தவளை நோக்கி விரல் நீட்ட எனக்கு மனம் வரவில்லை. மன்னிக்காமல் இருக்கவும் மார்க்கம் அவளுக்கு உரிமை தருகிறது. கேட்க வேண்டிய கேள்வியை நீதிமன்றத்தில் கேட்டிருக்க வேண்டும்: இது கொலைதானா?

வயதைப் பற்றியும் நேர்மையாக ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே ஓதியவர்கள் பலர் இருக்கிறார்கள். ரிஸானா சிறுமி, ஆகவே தண்டிக்கக் கூடாது என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே செய்த குற்றத்துக்கு மரண தண்டனை இல்லை என்பது ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை. சவூதி 1996இல் அதை ஏற்றுக்கொண்ட நாடு. அந்த வகையில் அது சரியான வாதம். ஃபிக்ஹின்படி பார்த்தால் அவ்வளவு பலமில்லை. பருவமடைந்ததற்கான அடையாளம் தெரியாதபோது நம் ஷாஃபியீ மத்ஹபில் 15 வயது, இமாம் அபூஹனீஃபா அவர்களிடம் பெண்ணுக்கு 17, அதுவும் பிறை ஆண்டுக் கணக்கில். இந்த இரண்டு கணக்கின்படியும் அவள் பருவம் அடைந்தவள்தான். எனவே மார்க்கத்தின் பெயரால் பேசுகிறவர்கள் வயதைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் தோற்றுப்போவார்கள். மிரட்டி வாங்கிய ஒப்புதல் செல்லாது, சந்தேகம் இருக்கும் இடத்தில் கிஸாஸ் விழுந்துவிடும் என்பவைதான் நம் ஃபுகஹாக்கள் கையில் கொடுத்திருக்கும் ஆயுதம். அதை எடுத்துப் பேசியவர்கள் குறைவு.

ஒப்புதல் என்றதும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. மதரஸாவில் எங்கள் உஸ்தாத் சொல்லிக் கேட்டது. இமாம் இப்னுல் கையிம் அவர்கள் தம்முடைய 'அத்துருகுல் ஹுக்மிய்யா' என்ற நூலில் எழுதியிருக்கிறார்கள். அலீ (ரலி) அவர்களிடம் ஒரு மனிதனைப் பிடித்து வந்தார்கள். பாழடைந்த இடத்தில், கையில் இரத்தம் தோய்ந்த கத்தியுடன் நிற்கிறான். பக்கத்தில் இரத்த வெள்ளத்தில் ஒரு பிணம். கேட்டார்கள், ஒப்புக்கொண்டான். தண்டனைக்குக் கொண்டு போகிறார்கள். அப்போது இன்னொருவன் ஓடிவந்து, அவசரப்படாதீர்கள், கொன்றவன் நான் என்கிறான். முதலாமவனிடம் நீ ஏன் ஒப்புக்கொண்டாய் என்று அலீ (ரலி) அவர்கள் கேட்கிறார்கள். அவன் கசாப்புக்காரன். விடியற்காலையில் மாடு அறுத்துவிட்டு, சிறுநீர் கழிக்கக் கத்தியோடு அந்தப் பக்கம் ஒதுங்கியவன். காவல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். நான் இல்லை என்றால் யார் நம்புவார்கள் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன் என்றானாம்.

செய்யாத கொலையை ஒரு மனிதன் ஏன் ஒப்புக்கொள்வான் என்று இன்றும் கேட்கிறார்கள். மறுத்துப் பயனில்லை என்று தோன்றிவிட்டால் ஒப்புக்கொள்வான். வழக்கு எப்படி முடிந்தது தெரியுமா? ஹஸன் (ரலி) அவர்களிடம் தீர்ப்புக் கேட்கப்பட்டது. ஓடிவந்தவன் ஓர் உயிரைக் கொன்றிருந்தாலும் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டான் என்று சொல்லி, ஓர் உயிரைக் காத்தவர் மனிதர் எல்லாரையும் காத்தவர் போலாவார் என்ற கருத்துள்ள இறைவசனத்தை எடுத்துக்காட்டினார்கள். இருவரும் விடப்பட்டார்கள். இறந்தவருக்கான தியத் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கப்பட்டது. பைத்துல்மால் என்பது கஞ்சிக்கும் கஃபனுக்கும் மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி என் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் மூதூர் ஏஜெண்டைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

2008ஆம் ஆண்டு. அப்போது நான் ஜமாஅத் அலுவலகத்தில் கடிதம் எழுதிக்கொடுக்கும் வேலையைக் கவனித்து வந்தேன். கணவனை இழந்த ஒரு பெண், இரண்டு பிள்ளைகள், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக ஏற்பாடாகிவிட்டது. அப்படிப் போகிற, அதிகம் படிக்காத பெண்களுக்கு முப்பது வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அவருக்கு 25. பள்ளிக்கூடம் போனவர் அல்லர், பிறப்புச் சான்றும் கிடையாது. உறுதிமொழிப் பத்திரத்தோடு வைக்க ஜமாஅத் கடிதம் ஒன்று வேண்டும் என்று ஏஜெண்ட் வந்து நின்றார். அந்தப் பெண்ணின் வாப்பா பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் 31 வயது என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தேன். உதவி செய்கிறேன் என்ற நினைப்பில்தான் செய்தேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2013 ஜனவரியில் ரிஸானாவின் செய்தியைப் படித்த இரவுதான் அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. அந்தச் சகோதரி அப்போது குவைத்தில்தான் இருந்தார். அவர் வேலை செய்த வீட்டிலும் கைக்குழந்தை இருந்தது என்று கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் காலையில் அவருடைய உம்மாவிடம் போய் ஒன்றும் சொல்லாமல் நலம் மட்டும் விசாரித்துவிட்டு வந்தேன். அல்ஹம்துலில்லாஹ், அவர் சுகமாகத் திரும்பி வந்துவிட்டார். பிள்ளைகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். "உங்க மேல தப்பில்ல மாமா, நாந்தானே எழுதச் சொன்னேன்" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

ரிஸானா கொல்லப்பட்ட பிறகு இலங்கை அரசு, சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கியது. நம் ஜமாஅத் என்ன செய்தது என்றால், வயதுக் கடிதம் கொடுப்பதை நிறுத்தியது. அதற்குச் சிலர் இன்னும் என்னைத் திட்டுகிறார்கள்.

சவூதியில் தியத் கொடுத்து மீட்ட கதைகளும் உண்டு, மறுக்கவில்லை. கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் 2006இலிருந்து ரியாத் சிறையில் இருந்தார். உடல் ஊனமுற்ற ஒரு சிறுவனைக் கவனித்துக்கொண்ட ஓட்டுநர். அந்தச் சிறுவனின் மரணத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர். குடும்பத்தார் ஒன்றரைக் கோடி ரியாலுக்கு இசைந்தார்கள். 2024 ஏப்ரலில் மலையாளிகள் 34 கோடி ரூபாய் திரட்டிவிட்டார்கள். இந்துக்கள், கிறிஸ்தவர்கள் எல்லாரும் போட்டார்கள். அந்த ஆண்டே மரண தண்டனை ரத்தானது. கேட்கவே குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால் 34 கோடி திரட்ட ஆள் இல்லாதவன் கதி என்ன? அருளாக வந்த ஒரு சட்டம் ஏலம் போல ஆகிவிடக் கூடாது என்ற கவலையை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கே கொலை வழக்கில் மன்னிக்கும் உரிமை குடும்பத்துக்குக் கிடையாது. வழக்கு நடத்துவது அரசு. கருணை காட்டுவது குடியரசுத் தலைவரும் ஆளுநரும். 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதிலும் அரிதான வழக்குகளில் மட்டுமே தூக்கு என்றது. 2015இல் சட்ட ஆணையம், பயங்கரவாத வழக்குகளைத் தவிர மற்றவற்றில் தூக்கையே எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. பேசுகிறார்கள், எழுதுகிறார்கள், தண்டனை இருந்துகொண்டுதான் இருக்கிறது.

யாருக்கு அது விதிக்கப்படுகிறது என்று பார்ப்போம். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. தூக்குக் கைதிகளையும் அவர்கள் குடும்பங்களையும் நேரில் தேடிப்போய்ப் பேசி எழுதியது. அவர்களில் நூற்றுக்கு 74 பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். 2000க்குப் பிறகு சுமார் பதினைந்து ஆண்டுகளில் கீழ் நீதிமன்றங்கள் விதித்த தூக்குகளில் கடைசிவரை நிலைத்தவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஏறக்குறைய முப்பது விடுதலையில் முடிந்தன. தண்டனைக் குறைப்பைச் சொல்லவில்லை, விடுதலை. பத்துப் பேரைத் தூக்கில் போடு என்று கத்தினால் அதில் மூன்று பேர் பின்னால் விடுதலையாகப் போகிறவர்கள் என்று பொருள். மேலே போக வக்கீல் இருந்தால்.

குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் உங்களுக்குத் தெரியும். 2002 செப்டம்பர் 24. முப்பதுக்கும் மேற்பட்ட அப்பாவிகள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆறு முஸ்லிம்களுக்குத் தண்டனை, அவர்களில் மூவருக்குத் தூக்கு. ஒருவர் முஃப்தி. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2014 மே 16ஆம் தேதி, நாடே தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாளில், உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. அந்த வழக்கு எதன் மேல் நின்றது தெரியுமா? போலீஸ் அதிகாரி முன் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலங்கள்மீது. பொடாச் சட்டம் அதை அனுமதித்தது. பதினோரு ஆண்டுகள் சிறை.

அக்ஷர்தாம் தீர்ப்பு வந்தபோது நாம் இனிப்புக் கொடுத்தோம். வாக்குமூலம் என்றால் என்ன, அதை எப்படி வாங்குகிறார்கள் என்று மேடை போட்டுப் பேசினோம். அதற்கு ஓர் ஆண்டுக்கும் சற்று முன்புதான் தவாத்மியில் வாங்கிய வாக்குமூலத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தோம். குஜராத்தில் நடந்தால் அநியாயம், சவூதியில் நடந்தால் சட்டமா? இதை நான் உங்களை நோக்கிக் கேட்கவில்லை. அந்த மஃக்ரிப் நேரத்தில் வாசலில் நின்ற என்னையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

சரி, ஏழாவது பொருளுக்கு வருகிறேன். இந்தப் பையன் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. இந்தச் சபையில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் நீதிமன்றம் இருக்கிறது. அவனுக்குத் தூக்குக் கிடைக்கும் என்றும் சொல்லவில்லை. ஆனால் அரசுத் தரப்பு கேட்கக் கூடிய வழக்கு அது. இரண்டு வக்கீல்கள் முதலில் சரி என்று சொல்லிவிட்டு, ஊர்ப் பேச்சைக் கேட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். இலவசச் சட்ட உதவி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, அவன் உரிமை அது, அங்கேதான் முதலில் அனுப்பினோம். ஒரு வக்கீலை நியமித்தார்கள். நான்கு மாதத்தில் அவர் ஒருமுறைகூடச் சிறைக்குப் போய்ப் பையனைப் பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்ல மாட்டேன், நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கொல்லப்பட்ட அம்மாவின் வீட்டுக்கும் போயிருந்தேன். தலைவரும் இமாமும் கூட வந்தார்கள். இதை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை, இன்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. மகன் வாசலுக்கு வந்தார். உள்ளே வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை, சொல்வார் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. "உங்க ஆளுக்காகப் பேச வந்தீங்களா?" என்று கேட்டார். இல்லை, உங்கள் தாய்க்காக வருத்தம் சொல்ல வந்தோம் என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். "செஞ்சவன் எவனோ, அவனுக்குத்தான் தண்டனை கிடைக்கணும். வேற எவனையாவது காட்டி எங்களை ஏமாத்திடக் கூடாது" என்றார். திரும்பி வரும்போது மூவரும் பேசிக்கொள்ளவில்லை. வக்கீல் வேண்டும் என்பதற்கு நான் இத்தனை நேரம் பேசியதை அவர் அந்த வாசற்படியில் நின்று சொல்லிவிட்டார்.

ஆகவே செயற்குழுவின் முடிவை வாசிக்கிறேன். ஜகாத் நிதியிலிருந்து ஒரு பைசா எடுக்கப்படாது. அதற்கு உரியவர்களைக் குர்ஆன் வரையறுத்துவிட்டது. பொது ஸதகா நிதியிலிருந்து 60,000 ரூபாய், மூன்று தவணையாக, நேராக வக்கீலிடம் ரசீது பெற்றுக் கொடுக்கப்படும். பையனின் குடும்பத்தார் கையில் கொடுக்கப்படாது. சாட்சிகளைப் பார்ப்பதோ பேசுவதோ நம் வேலை அன்று. அப்படி யாராவது அறக்கட்டளை பெயரைச் சொல்லிச் செய்தால் மறுநாளே உதவியை நிறுத்திவிடுவோம். குற்றம் நிரூபணமானால் தண்டனையை ஏற்றுக்கொள்வோம், ஊர்வலம் போக மாட்டோம். ஸதகா கொடுத்தவர்களில் யாருக்காவது தம் பணம் இதற்குப் போவதில் விருப்பமில்லை என்றால் அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தொகையைக் கல்வி நிதிக்கு மாற்றிவிடுகிறோம். இதுவரை மூன்று பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் பெயரை நான் எங்கும் சொல்லப்போவதில்லை. அவர்கள்மீது எனக்கு வருத்தமும் இல்லை.

இன்னொன்று. வெளிநாடு போகும் பிள்ளைகள், முக்கியமாகப் பெண்கள், புறப்படுமுன் அலுவலகத்துக்கு வந்து பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலையும் கொடுத்துவிட்டுப் போங்கள். உண்மையான வயது எது என்பதும் எங்களிடம் பதிவாக இருக்கட்டும். இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண் அச்சிட்ட அட்டை தருகிறோம். அதன் பின்பக்கம் அரபியில் ஒரு வரி இருக்கிறது, தமிழ் எழுத்திலும் போட்டிருக்கிறோம்: எனக்குத் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவர் வரும்வரை நான் எதிலும் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த வரியை நான்தான் எழுதினேன். இமாம் ஹஜ்ரத் சரிபார்த்துக் கொடுத்தார்கள். இருநூறு அட்டை அச்சடித்திருக்கிறோம், வாசலில் மேசைமேல் இருக்கின்றன. போகும்போது எடுத்துச் செல்லுங்கள்.

பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது. கேள்வி இருப்பவர்கள் தொழுகைக்குப் பிறகு இருங்கள். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.